தம்பியின் உடம்பு அளவு

இந்த ஊரில் பனியனை வேர்வைக்குப் போடுவதில்லை, குளிருக்குப் போடுகிறார்கள். இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. என் பனியன் மட்டும் திருப்பூரிலிருந்து பார்சலில் வரும். தம்பி அங்கே வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். கிளம்பும்போது என்னை அளவெடுத்துக்கொள்ளச் சொன்னேன். "அளவு எதுக்குங்ண்ணா? என்ற உடம்புதானுங்க உங்க உடம்பு. எனக்கு வெட்டறப்ப உங்களுக்கும் சேத்தி வெட்டிப்போடறனுங்க" என்று சிரித்தான்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், இங்கே என் பிழைப்பும் அதேதான். ஒரு புரதம் எப்படி மடிந்திருக்கிறது என்று தெரியாது. அதற்கு உறவான இன்னொன்றின் வடிவம் தெரியும். இரண்டிலும் அமினோ அமிலங்கள் கோத்திருக்கும் வரிசையை அட்டைகளில் துளையிட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பேன். எது எதற்கு நேர் என்று பொருத்தி, தெரிந்ததை வைத்துத் தெரியாததன் மாதிரியைப் பித்தளைக் கம்பியில் கட்டுவேன். பக்கத்து அறையில் பீட்டர் அதே புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்ரேயில் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் படம் வந்தால் என் கம்பியின் யோக்கியதை தெரிந்துவிடும். சரியென்றால் வேலை நிரந்தரம்; தப்பென்றால் ஊருக்குத் திரும்பித் தம்பியிடம் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

நினைத்தாலே வயிறு எரியும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் அவன். இன்று காதர்பேட்டை பனியன் சந்தையில் அவனைக் கண்டால் வியாபாரிகள் நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள். அம்மா கைச் சோறும் அவனுக்குத்தான்.

பீட்டரின் படம் வந்தது. நடு உடம்பு அச்சு அசலாகப் பொருந்தியது. ஓர் ஓரத்தில் மட்டும் தப்பு. உறவுப் புரதத்தில் இல்லாத ஒரு நீட்டம் அங்கே இருந்தது. ஊரில் இருந்தபோது லீவு நாளெல்லாம் தம்பி கம்பெனியின் கட்டிங் மேசையில் துணி வெட்டிய கை சும்மா இருக்குமா? ஓரத்தில் எதுவும் தொங்கக் கூடாதென்று அதை உடம்போடு இழுத்து ஒட்டியிருந்தேன். நிஜத்தில் அது வெளியே தளர்ந்து வளைந்து கிடந்தது.

"எங்கள் தொழிலில் ஓரம் தொங்கினால் சரக்கு திரும்பிவிடும்" என்றேன். தன் படத்தைத்தான் குறை சொல்கிறேன் என்று பீட்டர் எடுத்துக்கொண்டான்.

"இது பிசிறில்லை, புரதம்தான்" என்றான் முகம் சிவக்க.

நடு சரியாக இருந்ததே போதும் என்று என் வேலையை நிரந்தரமாக்கினார்கள். கைதட்டல் முழுக்கப் பீட்டருக்கு. எனக்கு அதிலும் பொறாமைதான்.

அந்த வாரமே பார்சல் வந்தது. போட்டுப் பார்த்தேன். தோளும் கழுத்தும் எனக்கே வெட்டியதுபோல் கச்சிதம். வயிற்றில் மட்டும் துணி தளர்ந்து தொங்கியது. தம்பிக்குத் தொப்பை விழுந்திருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறான், பாவி.

தொங்குவதைப் பிடித்துத் தைக்கலாமென்று ஊசியை எடுத்தவன், வைத்துவிட்டேன். மேலே கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். தம்பியின் தொப்பை இருக்க வேண்டிய இடத்தில் குளிர் புகுந்தது.