குருவிகுளத்து அம்மா

அப்பா போன பிறகுதான் எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போன மனிதர், ஒரு மணி நேரத்தில் இல்லை. அவருடைய அத்தனை ஞாபகமும் அத்தனை கோபமும் எங்கே போயிருக்கும் என்ற கேள்வி என்னை விடவில்லை. மறுபிறவி பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். போன பிறவியைப் பற்றிப் பேசுகிற பிள்ளை என்று யாராவது சொன்னால், ராயகிரி, திருவேங்கடம் என்று பஸ் ஏறிப் போய்க் கேட்டு வந்தேன். அதற்கென்று ஒரு நோட்டும் போட்டேன். பிள்ளை சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், ஆமாம் என்றோ இல்லை என்றோ குறுக்கே பேசக் கூடாது என்பது என் சட்டம். சங்கரன்கோவிலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவளுக்குத் தன்னைப் பற்றி விஞ்ஞானி என்று நினைப்பு.

ஊரார் பிள்ளை சொல்லும்வரை அது ஆராய்ச்சி. என் மகளே சொன்ன அன்று அது ஆராய்ச்சியாக இல்லை.

அவளுக்கு ஐந்து வயது. மத்தியானம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். மென்றுகொண்டே சொன்னாள்: "எங்க அம்ம வேற. அவ குருவிகுளத்துல இருக்கா. ஆடு வச்சிருக்கா."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் கையைக் கழுவிவிட்டு நோட்டை எடுத்தேன்.

அடுத்தடுத்த நாட்களில் இன்னும் வந்தது. நீலக் கதவு, கிணறு, கிணற்றுப் பக்கம் போனால் அந்த அம்மா அடிப்பாள். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் எழுதுவேன். கிணறு என்றதும் எனக்கு விளங்கிவிட்டது, போன பிறவியில் அந்தப் பிள்ளை எப்படிச் செத்திருக்கும் என்று. லாரியோடு வடக்கே போயிருந்த கணவரிடம் போனில்கூடச் சொல்லவில்லை. அவள் ஓடி வந்து கழுத்தைக் கட்டினால், கட்டுவது யார் என்று ஒரு கணம் தோன்றும். பெற்றவளுக்கு வரக்கூடாத பயம் அது. எங்கோ ஒருத்தி இவளுக்காக அழுதுகொண்டிருக்கிறாள், பார்த்தால் தன் பிள்ளை என்று கேட்பாள், இவளும் போய்விடுவாள் என்றே மனது சொன்னது. தெரியாமல் இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் கடையைப் பூட்டினேன்.

"குருவிகுளம் போவோமா?" என்று கேட்டதும் அவள் என் சேலையைக் கொத்தாகப் பிடித்தாள்.

பஸ்ஸிலும் அந்தப் பிடியை விடவில்லை. கரிசல் காட்டுக்குள் பஸ் திரும்பியதும் வாந்தி எடுத்தாள். உடம்பு வெடவெடவென்று ஆடியது. வாயைத் துடைத்துவிட்டு, அவளைத் தட்டிக் கொடுக்காமல், நோட்டில் எழுதினேன்: ஊர் நெருங்க நெருங்க நடுங்குகிறாள். அந்த எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை.

இறங்கி, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தேன். நீலக் கதவு எங்கேயும் இல்லை. கடைசித் தெருவில் ஒரு அம்மா ஆடுகளுக்கு அகத்திக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். மகளைக் கீழே இறக்கிவிட்டு, சட்டப்படி ஒன்றும் தூண்டாமல், "இவுகளப் பாரு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் என் காலைக் கட்டிக்கொண்டு கத்தினாள். "குடுத்துராத. நான் இனிச் சேட்டை பண்ண மாட்டேன். சோறெல்லாம் தின்னுருதேன். என்னயக் குடுத்துராத."

அந்த அம்மா குழையைப் போட்டுவிட்டு வந்தாள். "என்ன தாயி, பிள்ள எதுக்கு இப்பிடி அழுதா? யாரு யாருக்குக் குடுக்கா?"

விக்கி விக்கி மகளே சொன்னாள். என் கணவரின் தம்பி லீவுக்கு வந்திருந்தபோது சொன்னாராம்: "ஒன்னயக் குருவிகுளத்துல ஆடு வச்சிருக்க ஒருத்திகிட்டத் தவிட்டுக்கு வாங்குனோம்ட்டி. சேட்டை பண்ணுனா திருப்பிக் கொண்டுபோய் விட்ருவோம்."

எங்கள் பக்கத்தில் இந்தக் கேலி கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. என்னையும் தவிடு கொடுத்து வாங்கியதாகத்தான் சொன்னார்கள். நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அழுத உடனே அம்மா தூக்கிக்கொண்டு, "எவன் சொன்னான், நீ என் வயித்துல பெறந்தவ" என்று சொல்லிவிடுவாள். அதோடு முடிந்துவிடும்.

"அட, இதுக்கா?" என்று அந்த அம்மா சிரித்து, சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். மகள் அவள் கையிலிருந்து வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். நீலக் கதவும் கிணறும் எங்கிருந்து வந்தன என்று பிறகு கேட்டேன். ஆட்டுக்காரி வீட்டைத் தானாகவே நினைத்துப் பார்த்துக்கொண்டாளாம்.

திரும்பும் பஸ்ஸில் அவள் என் மடியை விட்டு இறங்கவில்லை. நீ என் வயிற்றில் பிறந்தவள், என் பிள்ளை, யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். அழுகையும் வந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சங்கரன்கோவில் வரப்போகிற நேரத்தில்தான் தலையைத் தூக்கினாள்.

"நான் அத்தன தடவ சொன்னேம்லா," என்றாள். "நீ ஒரு தடவகூட இல்லன்னு சொல்லலியே."