மணி அடித்த கை

அறுபதுகளின் தொடக்கத்தில் கீரனூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் ஆயாவாக இருந்தேன். பியூன் சவரிமுத்து அண்ணனும் நானும் ஒரே வேலைதான் பார்த்தோம். சம்பளம் மட்டும் எனக்குப் பாதி. சமச் சம்பளம் கேட்டு மனுப் போட்டேன். போடச் சொன்னதே அண்ணன்தான்.

விசாரிக்க அதிகாரி வந்தார். "கூட்டுறது, தண்ணி தூக்குறதெல்லாம் சரிம்மா. நேரம் பார்த்து மணி அடிக்கிறது பியூன்தானே? அந்தப் பொறுப்புக்குத்தான் கூடுதல் சம்பளம்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. கீழே விழுந்து அடிபட்டதிலிருந்து அண்ணனுக்கு வலது கை எழும்பாது. இடது கையால் அடித்தால் சத்தம் மைதானத்தைத் தாண்டாது. வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை அவருக்காக நான்தான் அடித்துவந்தேன். வாத்தியார்களும் கண்டுகொள்ளவில்லை. அதிகாரிக்குத் தெரிந்தால் அவருக்கு வேலை போய்விடும்.

அண்ணனே முன்னால் வந்தார். "மணி அடிக்கிறது இந்தப் பிள்ளதாங்கய்யா. எனக்குக் கை தூக்க வராது."

"அண்ணே, சும்மா இருங்க!" என்று கத்திவிட்டேன்.

"நீ சும்மா இருந்தது போதும் தங்கச்சி" என்றார்.

அடுத்த மாதமே அவரை நிறுத்திவிட்டார்கள். மணமேல்குடியில் மகள் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள், முழுச் சம்பளத்தோடு.

முதல் சம்பள நாளன்று, வழக்கமாக அவருக்குப் பின்னால் நிற்கும் இடத்திலேயே போய் நின்றேன். முன்னால் யாரும் இல்லை.

"முன்னால வாம்மா" என்றார் தலைமையாசிரியர்.

முன்னால் நிற்க நான் எப்போது கேட்டேன்? அண்ணன் பக்கத்தில் நின்று வாங்கத்தானே ஆசைப்பட்டேன்.