பிடித்துத் தைத்த வாசல்

அந்தச் சிற்றூரில் பழங்கட்டிடங்கள் மொத்தம் பதினொன்று. பழைய நீதிமன்றம், தானியக் கிடங்கு, மணிக்கூண்டு என்று போகும் பட்டியல் தையல்காரம்மாவின் வீட்டில் முடிகிறது. இருநூறு வயது முகப்பைப் படம்பிடிக்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். உள்ளே ஒருவர் வெளியே வர முடியாமல் உட்கார்ந்திருப்பது எந்தப் படத்திலும் விழுவதில்லை.

அவர் அவள் கணவர், பஸ் ஓட்டியவர். விபத்தில் இரண்டு காலும் போய்ச் சக்கர நாற்காலிக்கு வந்து இரண்டரை வருடம். நாற்காலி இருபத்தாறு அங்குலம், வாசல் இருபத்துநாலு. பின்னால் வழி கிடையாது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் நாலு பேர் தூக்கிப் போவார்கள். மற்றபடி, "மூட்டை மாதிரி என்னைத் தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

வாசலை அகலமாக்க அவள் மூன்று முறை மனுப் போட்டாள். "முகப்புல ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாதும்மா" என்றார் பழங்கட்டிடப் பாதுகாப்புத் துறை அதிகாரி, மூன்று முறையும். சுவர்மேல் அவ்வளவு கரிசனம்.

அவள் புதுத்துணி தைப்பதில்லை. பழசில் தொளதொளப்பதைப் பிடித்துத் தைப்பதும் இறுகியதைப் பிரித்துவிடுவதும்தான் வேலை. ஊரில் யார் பெருத்தார், யார் இளைத்தார் என்பது டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். வாயைத்தான் திறக்க மாட்டாள்.

ஒரு நாள் நூல் வாங்கிக்கொண்டு திரும்பியபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. நனைந்த முகப்பில், வாசலுக்கு இடப்பக்கம் மேலிருந்து கீழே நேராக ஒரு கோடு. வலப்பக்கம் இல்லை. வாசலுக்கு மேலிருந்த கல்லும் இடப்பக்கம் மட்டும் ஒரு சாண் கூடுதலாக ஓடியது. முப்பது வருடம் நுழைந்து புறப்பட்ட வீடு!

"அட, இதை யாரோ பிடிச்சில்ல தச்சிருக்காங்க!" என்றாள் வாய்விட்டு.

அடுத்த வாரம் அதிகாரி வந்தார்.

"மாத்தக் கூடாது, சரி சார். பழையபடி ஆக்கலாமா?"

"அதுக்குத்தானேம்மா நாங்க இருக்கோம்."

அவள் கோட்டைக் காட்டினாள். அவர் காரையைச் சுரண்டினார். உள்ளே வேறு செங்கல், பிற்காலத்தில் அடைத்தது. அவருக்கு வாயெல்லாம் பல். அசல் வாசலைத் தானே கண்டுபிடித்ததாக எழுதிக்கொண்டார். எழுதிக்கொள்ளட்டும்.

அடைப்பைப் பிரித்ததும் வாசல் முப்பத்திரண்டு அங்குலம் வந்தது. கணவர் பலகைச் சரிவில் இறங்கி, தெருவில் நாற்காலியைத் திருப்பி வீட்டை ஏற இறங்கப் பார்த்தார். அவள் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தாள்.

"விடு. மணிக்கூண்டு வரைக்கும் நானே போயிட்டு வரேன்."

விட்டாள். அவர் தெருமுனையில் மறையும்வரை பார்த்துவிட்டு உள்ளே போனாள். இரண்டரை வருடத்தில் முதல் முறையாக வீட்டில் வேறு யாரும் இல்லை. தையல் மிஷின்மேல் தலை சாய்த்து நன்றாக அழுதாள்.