உளையில் இறங்கிய மாப்பிள்ளை

எங்கள் ஊரில் உளையைச் சேறு என்று யாரும் சொல்லமாட்டார்கள். சேற்றில் கால் வைத்தால் அடியில் தரை தட்டும், உளையில் தட்டாது. மேலே கோரை முளைத்துப் பச்சென்று மெத்தை மாதிரி இருக்கும். மிதித்தால் அமுங்கி ஆளை உள்ளே வாங்கும். பூச்சி அரிக்காமலிருக்கப் பனங்கட்டையை அதில் புதைத்து வைப்பார்கள். எருமைகள் அதில் போய்ப் படுத்தால் எழுந்து வராது. நாளெல்லாம் நாற்று நட்ட கால் உளையும், பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன் மனசும் உளையும். பிடி கொடுக்காமல் இழுத்தடிக்கிற ஆளிடம் ஒரு காரியமாகப் போனால், "உளையில கால வெச்ச கணக்குதான்" என்பார்கள். இத்தனையும் தெரிந்து வளர்ந்தவன்தான் நான்.

ஏரி மதகை ஒட்டி எங்களுக்கும் உளை விழுந்த கழனி ஒன்று இருந்தது. அதில் மாடு இறங்காது. மண்வெட்டியால் கொத்தித்தான் நடவேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணுக்கு ஊர் ஆற்றங்கரையில் இருக்கிற திருமுக்கூடல். கோயிலில் வைத்து ஒரு தடவை பார்த்ததோடு சரி, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த இடம் தட்டிப் போனால் வேறு பெண்ணே வேண்டாம் என்று மனசுக்குள் சபதமெல்லாம் எடுத்திருந்தேன்.

பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். வீடு பார்ப்பது என்று பேர்தான், வீட்டை யார் பார்க்கிறார்கள்? மாட்டைத் தடவிப் பார்ப்பார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், கழனிக்கு நடந்து போய் மண்ணைப் பார்ப்பார்கள். என் அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "கெணத்து மேட்டோட திரும்பிடு. மதகு பக்கம் இட்டுக்கினு போவாத."

கழனி காட்டுவதற்குப் புது பெல்பாட்டம் போட்டுக்கொண்டு கிளம்பிய அறிவாளி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சித்திரை வெயிலில் மற்ற கழனியெல்லாம் அறுத்த தாளோடு வெடித்துக் கிடந்தது. உளை மட்டும் பச்சை. அந்தப் பச்சையைக் காட்டாமல் திரும்ப எனக்கு மனசு வரவில்லை.

"அதுவும் நம்முளுதுதான் மாமா," என்றேன்.

அவர் ஆற்று மணல் பூமிக்காரர். வரப்பிலேயே நின்று உற்றுப் பார்த்தார். "இன்னா தம்பி, ஈரமா கீது. ஏர் எறங்குமா?"

"ரெண்டு ஏர் பூட்டுவோம் மாமா. தரை கல்லாட்டம் கீது."

அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. புளுகினோமே, அத்தோடு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நான் இறங்கி நடந்து காட்டினேன்.

கொஞ்சதூரம் தாங்கியது. அப்புறம் தொடை வரைக்கும் போய்விட்டேன். பெல்பாட்டத்தின் அகலக் கால்கள் இரண்டும் உளையை வயிறு முட்டக் குடித்தன. அசைந்தால் இன்னும் இறங்கும். "மாமா, நீங்க அங்கியே நில்லுங்க," என்றேன். அன்றைக்கு நான் பேசிய ஒரே உண்மையான பேச்சு அதுதான்.

பக்கத்துக் கழனிக்காரர்கள் இரண்டு பேர் கயிறும் பனைமட்டையுமாக ஓடி வந்தார்கள். "யாருது மாடு மாட்டிக்கினுது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

"மாடு இல்லப்பா, மாப்ள," என்றார் பெண்ணின் அப்பா, சிரிக்காமல்.

மாட்டுக்குச் செய்வதையே எனக்கும் செய்தார்கள். அக்குளுக்கடியில் கயிறு, முன்னால் பனைமட்டை, பிறகு ஏலேலோ. நான் வந்துவிட்டேன், பெல்பாட்டம் வரவில்லை. பட்டாபட்டி டிராயரோடு வரப்பில் நின்றவனிடம் அவர் தன் தோள் துண்டை நீட்டினார். அதைச் சுற்றிக்கொண்டு அவர் பின்னாலேயே வீடு வரைக்கும் நடந்தேன். அழுகை வந்தது. அவமானத்துக்காக இல்லை, அவள் கைவிட்டுப் போய்விட்டாள் என்றுதான். வீட்டில் அவர் ஒரு வாய் மோர் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் புறப்பட்டார்.

அவர் ஊருக்குப் போனதும், "பையன் கூசாம பொய் சொல்றான், இந்த எடம் வேணாம்" என்றுதான் சொல்லியிருக்கிறார். நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு மகள் சொன்ன பதிலை, கல்யாணத்துக்கு அப்புறம் மாமியார்தான் எனக்குச் சொன்னார்:

"அவரு சொன்ன பொய்ய அவரே நம்பி கால வெச்சிக்கீறாரு. இந்த ஆளு வேற யார ஏமாத்தப் போறாரு நைனா? இவரையே பேசி முடிச்சிடுங்க."