நோவாவுக்குப் போன ஈஸ்டர் போட்டி

வெல்லனப் சர்ஃபிங் கிளப்பின் சுவரில் ஜாரா மரத்தில் செய்த பெயர்ப் பலகை ஒன்று மாட்டியிருக்கிறது. ஈஸ்டர் போட்டியில் யார் வென்றார்களோ அவர்கள் பெயரை அந்தந்த ஆண்டுக்கு நேராகப் பொன்னிற வண்ணத்தில் எழுதி வைப்பார்கள். 1978இலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தால் அதிகம் தென்படும் பெயர் நோவா. நோவா என்று அந்த ஊரில் யாரும் இல்லை. ஆஸ்திரேலியாவின் அந்தத் தென்மேற்குக் கரையில் சர்ஃபிங் செய்கிறவர்கள் சுறாவை அப்படித்தான் சொல்வார்கள்.

கிளப்பை ஆரம்பித்த காலத்தில் நாலு பேர் பீர் குடித்துக்கொண்டே எழுதிய விதி அது. சுற்று நடக்கும்போது சுறாவைக் கண்டால் அந்தச் சுற்று செல்லாது. இறுதிச் சுற்றாக இருந்துவிட்டால் அந்த ஆண்டின் வெற்றி நோவாவுக்கு. விளையாட்டாக எழுதினார்கள். எழுதிய நால்வரில் மூவர் செத்துப்போனார்கள். விதி மட்டும் சாகவில்லை.

அந்த விதியால் ஊரிலேயே அதிகம் அடிபட்டவர் மெர்வ் டில்புரூக். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பதினாலு வயதில் சர்ஃப் போர்டில் ஏறினார். ஐம்பத்தேழு வயதிலும் இறங்கவில்லை. மனைவி லியோனி ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறார். மெர்வ் நல்ல ஆட்டக்காரர்தான். நான்கு முறை இறுதிச் சுற்றுக்கு வந்தார். நான்கு முறையும் பாதியில் மணல் குன்றின் மேலிருந்து, சுறா வருகிறது என்று காரின் ஹாரன் அலறியது. நான்கு முறையும் பலகையில் நோவா ஏறினான்.

இதில் மெர்வுக்கு வயிற்றெரிச்சல் சுறாவின் மேல் இல்லை, தேதியின் மேல்தான். ஈஸ்டர் வரும் நாட்களில்தான் சால்மன் மீன் கூட்டம் அந்தக் கரையோரமாக மேற்கே போகும். இடுப்பளவு தண்ணீரில்கூடக் கருப்புக் கம்பளம் விரித்தது போல வரும். மீன் வந்தால் பின்னாலேயே சுறா வரும். இது வெல்லனப்பில் நடக்கக் கற்ற குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் போட்டியை ஈஸ்டரில்தான் வைத்தார்கள்.

ஆண்டுக் கூட்டத்தில் மெர்வ் தவறாமல் எழுந்து நிற்பார்.

"போட்டிய ஜூனுக்கு மாத்துங்க. மீனும் இருக்காது, சுறாவும் இருக்காது."

"ஆளும் இருக்காது," என்பார் தலைவர் டக் ஹோஸ்கிங். "ஜூன் தண்ணியில எவன்டா இறங்குவான்? ஈஸ்டர்னாதான் வெளியூர்ல இருக்கிற புள்ளைங்க வரும், சாசேஜ் விக்கும், லாட்டரிச் சீட்டு விக்கும். யாராவது வழிமொழியிறீங்களா? இல்ல. சரி, அடுத்த விஷயம்."

மெர்வ் உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் இருப்பவர் அவர் முதுகைத் தட்டிக்கொடுப்பார். அந்தத் தட்டுதான் அவருக்குக் கூட்டத்தைவிட அதிகமாகக் கடுப்பேற்றும்.

2011இல் ஈஸ்டர் தாமதமாக, ஏப்ரல் 24இல் வந்தது. மறுநாள் போர்வீரர் நினைவு நாள் என்பதால் இறுதிச் சுற்றை ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிட வேண்டியிருந்தது. மெர்வின் வலது தோளில் தசைநார் கிழிந்திருந்தது. மே மாதம் ஆல்பனி மருத்துவமனையில் அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. பிறகு போர்டில் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளிப் போக முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர், "பேருந்து ஓட்டலாம்" என்று பதில் சொன்னார். அந்தப் பதில் மெர்வுக்கு விளங்கிவிட்டது. பலகையில் பெயர் ஏற வேண்டுமானால் இந்த ஈஸ்டர்தான்.

வலி மாத்திரையை விழுங்கிவிட்டு இறங்கி, இரண்டு சுற்று தாண்டி இறுதிக்கு வந்தார். எதிரில் ரேலீன் குவார்ட்டர்மெயின். வறுத்த மீன் கடை நடத்துகிறவர், மெர்வைவிட ஒன்பது வயது இளையவர். அந்தச் சின்னக் கிளப்பில் நாற்பது தாண்டினால் ஆண் பெண் எல்லோருக்கும் ஒரே போட்டிதான்.

"தோள் எப்படி இருக்கு, மெர்வ்?" என்று தண்ணீரில் இறங்கும்போது ரேலீன் கேட்டார்.

"உனக்கு ஒரு தோளே போதும்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே. நோவாகிட்டத் தோத்தே."

"தோக்கல. முடிக்க விடல."

குன்றின் மேல் காவலுக்கு இருந்தவர் லியோனியின் அண்ணன் நெவ் பக்ஸ்டன். சால்மன் வலை போடும் குழுவின் ஆள். மீன் கூட்டம் வருகிறதா என்று பார்க்க எப்படியும் காருக்குள் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் என்பதால், சுறா தெரிந்தால் ஹாரன் அடிக்கும் வேலையையும் கிளப் அவரிடமே ஒப்படைத்திருந்தது. கிளப்புக்குச் செலவில்லை. நெவுக்கும் அலைச்சலில்லை.

முதல் பத்து நிமிடத்தில் மெர்வ் இரண்டு நல்ல அலைகளைப் பிடித்தார். இரண்டாவது அலையில், உடைந்து விழும் நுரைக்கு முன்னாலேயே நீளமாகச் சறுக்கிக் கரைவரை வந்தார். கூடாரத்தில் இருந்த நடுவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை அவரே கவனித்தார். ரேலீனுக்கு ஒரு அலைதான் சரியாக அமைந்தது. கடைசி ஐந்து நிமிடத்துக்கு மஞ்சள் கொடி ஏறியபோது மெர்வ் முன்னிலையில் இருந்தார். ஒலிபெருக்கியில் டக் அதைச் சொன்னது கடல்வரை கேட்டது.

மெர்வ் போர்டின் மேல் உட்கார்ந்து கிழக்கே பார்த்தார். பாறைமுனையைச் சுற்றி ஒரு கருப்பு நிழல் நகர்ந்து வந்தது. மேகத்தின் நிழல் இல்லை. வானத்தில் மேகமே இல்லை. நிழலின் ஓரத்தில் மீன்கள் நாலைந்து துள்ளி விழுந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு முதுகுத் துடுப்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நேராக வந்தது. டால்பின் என்றால் துடுப்பு ஏறி இறங்கும். இது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

குன்றைப் பார்த்தார். ஹாரன் அடிக்கவில்லை. நெவ் காரை விட்டு இறங்கி, முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு, வானொலிக் கருவியில் தன் வலைக்காரர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கைகளை விரித்து மீன் கூட்டத்தின் அளவை வேறு காட்டிக்கொண்டிருந்தார், அந்தப் பக்கம் இருப்பவனுக்கு அது தெரியும் என்பது போல.

வாயை மூடிக்கொண்டு இன்னும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும். மெர்வுக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் ரேலீன் அவரைவிடக் கிழக்கே, நிழல் வரும் பாதையில், காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்.

"நோவா!" என்று மெர்வ் கத்தினார். "ரேலீன், நோவா! உன் வலப்பக்கம்!"

ரேலீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிரித்தார்.

வெல்லனப்பில் அடுத்தவன் அலையைப் பறிக்க 'நோவா' என்று கத்துவது பள்ளிக்கூடப் பையன்களிலிருந்து தாத்தாக்கள் வரை எல்லோரும் செய்யும் வேலை. அதனால் தண்ணீருக்குள்ளிருந்து வரும் கத்தலை அந்த ஊரில் யாரும் நம்புவதில்லை. குன்றின் மேல் ஹாரன் அடித்தால்தான் நம்புவார்கள்.

"நல்லா நடிக்கிற, மெர்வ்! இந்த அலை எனக்குத்தான்!"

"அடியே, நிஜமாத்தான் சொல்றேன்!"

ரேலீன் அலையில் ஏறிவிட்டார். அந்த நாளிலேயே பெரிய அலை அது. அவர் அதன் முகத்தில் மேலும் கீழுமாக வெட்டி, கடைசியில் கரையில் முழங்கால் தண்ணீரில் போய் இறங்கினார். கரையில் கைதட்டல் கேட்டது.

மெர்வ் காலை மடக்கிப் போர்டின் மேல் வைத்துக்கொண்டார். மீன் கூட்டம் அவரைச் சுற்றி வந்தது. போர்டின் அடியில் சால்மன்கள் தட்டுத் தட்டென்று இடித்தன. துடுப்பு இரண்டு ஆள் தூரத்தில் அவரைத் தாண்டிப் போனது. வெண்சுறா. அதன் பக்கவாட்டில் பழைய வெட்டுத் தழும்புகூடத் தெரிந்தது. முப்பது வருடமாக அவர் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டிருந்த பிராணி. அது அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மீனைத் துரத்திக்கொண்டு போயிற்று.

அப்போதுதான் ஹாரன் அலறியது.

அடுத்த அலையில் மெர்வ் குப்புறப் படுத்தபடியே கரைக்கு வந்தார். போர்டை மணலில் குத்தி நிறுத்திவிட்டு முதலில் குன்றைப் பார்த்துக் கையை உயர்த்திக் கத்தினார்.

"எங்கேடா பாத்துக்கிட்டிருந்தே?"

நெவ் ஓடி வந்தார். "மச்சான், இருபது டன் தேறும்! கூப்பிட வேண்டாமா?"

"நான் செத்திருந்தா எத்தனை டன்டா தேறியிருப்பேன்?"

கூடாரத்தில் நடுவர்கள் குழம்பிப்போயிருந்தார்கள். ரேலீனின் கடைசி அலையைச் சேர்த்தால் அவர் முந்திவிட்டார். அவர் அந்த அலையில் ஏறியதோடு சுற்றின் நேரம் முடிந்தது, ஹாரன் அதற்குப் பிறகுதான் அடித்தது. டக் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "ஹாரன் அடிச்ச நேரம்னு இல்லயே. 'சுறாவைக் கண்ட நேரம்'னுதான் போட்டிருக்கு. மெர்வ், நீ எப்பக் கண்டே? அவ அலையில ஏறுறதுக்கு முன்னயா, பின்னயா?"

மெர்வ் மனதுக்குள் கணக்குப் போட்டார். முன்னால் என்றால் வெற்றி நோவாவுக்கு. பின்னால் என்றால் ரேலீனுக்கு. எப்படிச் சொன்னாலும் அவர் பெயர் இல்லை. அந்த மீனின் பெயரை இன்னொரு முறை பலகையில் பார்ப்பதைவிட மனிதப் பெயர் எதையாவது பார்க்கலாம் என்றிருந்தது.

"பின்னாடி," என்றார்.

"பொய்," என்றார் ரேலீன். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் நின்றார். "முன்னாடியே கத்தினான். எனக்குக் கேட்டுச்சு. நான்தான் நம்பல."

"உனக்கு எதுக்குடி இந்த வேலை?" மெர்வ் வெடித்தார். "சும்மா வாங்கிட்டுப் போயேன்!"

"நீ பொய் சொல்லித் தந்ததுல ஜெயிச்சேன்னு கடையில நின்னு காலம்பூரா கேக்கணுமா? எனக்கு வேணாம்."

டக் புத்தகத்தை மூடினார். "அப்ப நோவா."

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். மெர்வ் போர்டை எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். யாரும் முதுகைத் தட்ட வரவில்லை. தட்டினால் என்ன நடக்கும் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அடுத்த வாரம் ஆண்டுக் கூட்டம். மெர்வ் எழுந்து தேதியை மாற்றச் சொன்னார். முதல்முறையாக வழிமொழிய ஒரு கை உயர்ந்தது: ரேலீனின் கை. அதனால் முதல்முறையாக வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு பேர் ஆதரவு, முப்பத்தொரு பேர் எதிர்ப்பு. லியோனியும் எதிர்த்துத்தான் கை தூக்கினார். ஈஸ்டர் சனிக்கிழமையில் ரொட்டிக் கடை வியாபாரம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கூட்டம் முடிந்ததும் பெயர் எழுதும் வேலை. கிளப்பில் கையெழுத்து அழகாக இருப்பது நெவுக்குத்தான். ஏணியைப் பிடிக்கும் முறை அந்த மாதம் மெர்வுடையது. அட்டவணை முன்பே ஒட்டியாகிவிட்டது. மாற்றச் சொல்லிக் கேட்க அவருக்கு மனமில்லை. நல்ல தோளால் முட்டுக்கொடுத்து நின்றார்.

"எழுத்து கோணுதுடா," என்றார்.

"கோணாது, மச்சான்," என்றார் நெவ் மேலேயிருந்து. "இந்தப் பேரு எனக்குக் கை பழகிப்போச்சு. உன் பேர எழுதச் சொன்னாத்தான் தடுமாறியிருப்பேன்."

மெர்வ் ஏணியை ஒரு குலுக்குக் குலுக்கினார். நெவ் "டேய், டேய்" என்று பலகையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆண்டின் நோவா மட்டும் கடைசி எழுத்தில் கொஞ்சம் கீழே இறங்கி நிற்பதை இப்போதும் பார்க்கலாம்.