ஸ்டாப் வாட்ச்சைச் சும்மா அழுத்துபவர்

என் கணவர் காசநோயோடு தாம்பரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, ஞாயிறுதோறும் ஒருவரைப் பார்ப்பேன். மவுண்ட் ரோடு அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுபவர். மனைவியைப் பார்க்க வருவார். ஒல்லி உடம்பு, எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் ஒரு ஸ்டாப் வாட்ச். உட்கார்ந்ததும் அதை அழுத்தி, உடனே நிறுத்தி, முள்ளைப் பார்ப்பார்.

“எதை சார் அளக்கறீங்க?”

“ஒண்ணையும் இல்ல டீச்சர். சும்மா அழுத்தி நிறுத்தவே எவ்வளவு ஆகுதுன்னு முதல்ல தெரியணும். கம்ப்யூட்டர் கடிகாரத்தையும் இப்படித்தான் சோதிப்போம். சின்ன வேலைய அளந்தா சைபர்னு காட்டும். நேரமே ஆகலைன்னு அர்த்தமில்ல. அந்தக் கடிகாரத்துக்கு அவ்வளவுதான் தெரியும்.”

என் கணவர் வராந்தாக் கோடிவரை நடக்கும் நேரத்தை வாராவாரம் என் கைக்கடிகாரத்தில் பார்த்துவந்தேன். எப்போதும் இரண்டே நிமிடம். முன்னேற்றமே இல்லையென்று அந்த ஸ்டாப் வாட்ச்காரரிடம் புலம்பினேன்.

“உங்க வாட்ச்சுல செகண்ட் முள்ளே இல்லையே டீச்சர்!” என்று தன்னுடையதைக் கொடுத்தார்.

அன்றும் அடுத்த ஞாயிறும் அதில் அளந்தேன். எட்டு விநாடி குறைந்திருந்தது. நான் அழுதுவிட்டேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மனைவியின் கட்டிலுக்குப் போனார். அந்த அம்மாள் எழுந்து நடந்து நான் பார்த்ததில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை மட்டும் அவர் ஒருநாளும் அளந்ததில்லை.