ரங்கம்மாவின் எட்டு ஜிப் பை

ரங்கம்மா எங்க பெரியப்பா பேத்தி. காவேரிப்பட்டினத்துல பொறந்து, ஓசூர் எல்லப்பனுக்கு வாக்கப்பட்டவ. தொண்ணூத்தி ரெண்டுல ஒரு பெயிண்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கிட்டிருந்தா. கைக்குழந்தையையும் தூக்கிட்டுப் போவா. உள்ளே பார்த்துக்க ஆயா உண்டு. அந்த வருஷம் வேலையை நிரந்தரம் பண்றதா பேச்சு. லேட்டா வர்றவங்களுக்குக் கிடையாது.

அவ ஓரகத்தி, அதாவது எல்லப்பன் தம்பி பொண்டாட்டி ஜோதிமணி, பெங்களூர்ல இருந்தா. அவளுக்கும் கைக்குழந்தை. யுகாதிக்கு வந்தப்போ முதுகுல மாட்டுற நீலப் பை ஒண்ணோட பஸ்ஸை விட்டு இறங்கினா. ரெண்டு ஜிப், பால் புட்டிக்கு ஒண்ணு, குழந்தைத் துணிக்கு ஒண்ணு. வீட்டுல வந்தவங்க எல்லாம் அந்தப் பையைத்தான் பார்த்தாங்க. அன்னிக்குச் சுட்ட ஒப்பட்டு போளியை ரங்கம்மா தொடவே இல்லை.

மறுநாளே பை தைக்கிற மெஹபூப் பாஷா கடைக்குப் போயிட்டா.

"பாய், குழந்தை சாமானுக்கு முதுகுப் பை வேணும். எட்டு ஜிப் வைங்க."

"எட்டா? புட்டி, துணி, பாலூட்டுற சங்கடை... ரெண்டே போதும்மா."

"அவளுதுல ரெண்டு இருக்குது. எனக்கு எட்டு. செவப்பு ரெக்சின்."

"யாரும்மா அவ?"

"உங்களுக்கு எதுக்கு? தைங்க."

பெயிண்ட் கம்பெனிக்குள்ள பீடி, தீப்பெட்டி போகக்கூடாது. அதனால கேட்ல எல்லார் பையையும் திறந்து பார்ப்பாங்க. மத்தவங்க துணிப்பை ஒரு பார்வையில முடிஞ்சிடும். ரங்கம்மா பையில வாட்ச்மேன் கோவிந்தப்பன் ஒவ்வொரு ஜிப்பா இழுத்தான். ஒண்ணுல பவுடர், ஒண்ணுல கிலுகிலுப்பை, ஒண்ணுல ஈரத்துணி.

"ஏம்மா, கடை போட வந்தியா?"ன்னு பின்னால நின்னவங்க கத்தினாங்க. அதுக்குள்ள சங்கு ஊதி கேட்டை மூடிட்டாங்க. ரங்கம்மாவுக்கு அரை நாள் சம்பளம் போச்சு. அடுத்த வாரமும் அதே கதை. இன்னொரு தரம்னா நிரந்தரம் கிடையாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டார்.

"துணிப்பையை எடுத்துட்டுப் போயேன்"ன்னான் எல்லப்பன்.

"ஜோதிமணி காதுக்குப் போகவா? சிரிக்க மாட்டா?"

அந்த ஞாயித்துக்கிழமையே ஜோதிமணி வந்தா. ஆணியில தொங்கின செவப்புப் பையைப் பார்த்ததும் அவ மூஞ்சி சுருங்கிடுச்சு. ஒவ்வொரு ஜிப்பா திறந்து மூடினா.

"ஏன்க்கா, பெங்களூர்லயே இப்படி நான் பார்க்கலை. மாத்திக்கலாமா?"

ரங்கம்மாவுக்கு உள்ளுக்குள்ள குதியாட்டம். வெளிய காட்டிக்கலை. "ஆசையா தைச்சது... சரி, நீ கேட்டு இல்லேன்னு சொல்லுவேனா?"

திங்கக்கிழமை நீலப் பையோட சங்குக்கு முன்னாலயே உள்ளே போயிட்டா. வேலையும் நிரந்தரமாச்சு.

ஆனா அடுத்த தடவை ஊருக்கு வந்த ஜோதிமணியை அழைக்க எல்லப்பனோட போனா. பஸ் ஸ்டாண்டுல அவ செவப்புப் பையோட நிக்க, ரெண்டு பொம்பளைங்க எங்க வாங்கினேன்னு அவளைக் கேட்டாங்க. ரங்கம்மா புருஷன் காதைக் கடிச்சா.

"என் பையை மாட்டிக்கிட்டு எப்படி மினுக்குறா பாருங்க."

"நீதானே குடுத்தே?"ன்னான் எல்லப்பன்.

"கேட்டா, குடுத்தேன். அதுக்காக இப்படியா மினுக்கணும்?"